ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். பேச்சுதான் வராது. நேற்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் திமிர் என்று நினைத்துவிட்டீர்கள். திமிர் இல்லை மேடம். இன்று காலை நோட்டும் பேனாவும் கொடுத்தீர்கள். கோடு போட்ட நோட்டு, நாற்பது பக்கம். அவ்வளவு தேவைப்படாது.

என் பெயர் ரா. ராமசெல்வி. வயது முப்பத்து நான்கு. காலடிப்பேட்டையில் அப்பாவுக்கு மளிகைக் கடை. பூர்வீகம் திருச்செந்தூர் பக்கம். பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். காரணம் சிறியதுதான். வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்ல வாய் எழாது. டீச்சர் தலைநிமிர்ந்து பார்க்கமாட்டார். ஒருநாள் தவறாமல் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான், அறுபத்து மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை என்று ஆண்டு முடிவில் பதிவேடு சொன்னது. அப்பா போய்க் கேட்டதற்கு, பதிவேட்டில் இருப்பதுதான் கணக்கு என்று தலைமையாசிரியை சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து, எழுதி வைத்த எதையும் நான் மதிக்கிறேன்.

அந்த வருடமே டாக்டர் ஆன்றோவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால், ஒரு அச்சகத்தின் மாடியில், அவருடைய ஆராய்ச்சி மையம். இரண்டு அறை, ரத்தம் வைக்க ஒரு பெரிய உறைபெட்டி, ஒரு நர்ஸ், பிறகு நான். என் அப்பாவின் கடையில்தான் டாக்டர் அரிசி வாங்குவார். நாகர்கோவில்காரர். “ஓய், உம்ம பிள்ள சும்மாதானே இருக்கா, எங்கிட்ட விடும். அங்க யாரும் அவள பேசச் சொல்லமாட்டாங்க” என்றார். ரத்தக் குழாய்களில் சீட்டு ஒட்டுவதும் பதிவேடு எழுதுவதும் என் வேலை.

டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி. என்ற பெயரைச் சொன்னாலே ஜனங்கள் எழுந்து தள்ளி உட்கார்ந்த காலத்தில், துறைமுகத்து லாரிகள் நிற்கும் இடங்களில் கூடாரம் போட்டு, ஓட்டுநர்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தவர் அவர். நோயாளிகள் வீட்டில் சாப்பிடுவார். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அந்தக் கிருமியைப் பற்றி முப்பத்தொன்பது ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அதில் முப்பத்தாறை அவருடைய மாணவர்களே முழுதாகப் படித்ததில்லை. எண்ணூர்க் கழிமுகம் மாதிரி, பெரிதாக இருக்கும், யாரும் இறங்கமாட்டார்கள். மிச்சம் மூன்றும் நோயாளி எண் பதினேழைப் பற்றியவை.

நோயாளியின் பெயர் வெளியே போகக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பதினேழு என்பது பச்சையம்மா. காசிமேட்டில் மீன் விற்பவர். கணவர் விசைப்படகில் வேலை பார்த்தவர், இதே நோயில் போய்விட்டார். பச்சையம்மாவுக்கும் கிருமி தொற்றியிருந்தது. மருந்து சாப்பிடாவிட்டால் அந்தக் கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே போகும். நூற்றுக்கணக்கானவர்களில் யாரோ ஒருவருக்கு மட்டும் மருந்தே இல்லாமல் உடம்பு அதை அடக்கி வைத்துவிடும். அப்படி ஒருவர் கிடைப்பது ஆராய்ச்சியாளருக்குப் புதையல். பச்சையம்மாவின் ரத்தத்தில் கிருமி இருப்பதே தெரியவில்லை. மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டோம். இல்லை, இல்லை, இல்லை. அத்தனையும் என் கையெழுத்தில் இருக்கிறது. வரைபடத்தில் அவருடைய கோடு தரையோடு தரையாக ஓடியது. அவ்வளவு அழகான கோட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான்கு வருடம் கழித்துக் கட்டுரை வந்தது. வடசென்னையில் ஒரு மீன்காரப் பெண்மணியின் ரத்தம் எப்படித் தானாகவே கிருமியை அடக்குகிறது என்பதைப் பற்றி இருபத்து மூன்று பக்கம். உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள். மேற்கோள் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒருவர் தன் கட்டுரையில், இதை இன்னார் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறார் என்று பெயர் சொல்லிக் குறிப்பது. ஆராய்ச்சியாளர்களுக்கு அதுதான் ‘உள்ளேன்’.

யார் எத்தனை முறை குறித்திருக்கிறார்கள் என்று கணினியில் பார்த்துவிடலாம். திங்கட்கிழமைதோறும் நான் பார்ப்பேன். ஒன்று கூடியிருந்தாலும் திருவொற்றியூர் தேரடியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போவேன். டாக்டர் எடுத்துக்கொண்டு, “நல்லாருக்கு செல்வி” என்பார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. சுவரில் உலகப் படம் மாட்டி, மேற்கோள் வந்த நாட்டிலெல்லாம் குண்டூசி குத்தினேன். ஆயுதபூஜைக்கு உறைபெட்டிக்குச் சந்தனம் வைக்கும்போது கட்டுரைக்கும் ஒரு பொட்டு வைத்தேன். டாக்டர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் தடுக்கவில்லை. பிரேசிலில் ஒருவர் முயல்களின் காய்ச்சலைப் பற்றிய கட்டுரையில் எங்களைக் குறித்திருந்தார். அது தவறுதலாக நடந்தது என்று தெளிவாகத் தெரிந்தது. எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதியிருக்கிறார், ஆகவே சேர்த்தேன். இத்தாலிக்காரர் ஒருவர் எங்களைக் குறிக்க மறந்துவிட்டார். டாக்டர் பெயரில் மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினேன். அவர் மன்னிப்புக் கேட்டு, அடுத்த கட்டுரையில் மூன்று இடத்தில் குறித்தார். ஒரு கடிதத்தில் எவ்வளவு சரிசெய்யலாம் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

பிறகு அரசாங்கம் விதியை மாற்றியது. கிருமி குறைவோ அதிகமோ, தொற்றிய எல்லோரும் மருந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து டாக்டர் பச்சையம்மாவைக் கெஞ்ச ஆரம்பித்தார். “ஆராய்ச்சி கெடக்கட்டும் பச்சையம்மா, நீங்க மாத்திரைய ஆரம்பிங்க. உங்க உடம்புதான் முக்கியம்.” பச்சையம்மா சிரித்துக்கொண்டே, “வோணாம் டாக்டரே, நல்லாத்தான கீறேன். அட்த்த மாசம் பாக்கலாம்” என்பார். ஆறு வருடம் கெஞ்சினார். ஆறு வருடம் மறுத்தார். நோயாளி பதினேழு ஏன் மருந்தை மறுக்கிறார் என்று டாக்டர் வருத்தத்தோடு இன்னொரு கட்டுரை எழுதினார். அறுபத்து மூன்று மேற்கோள்.

அப்படியிருக்கும்போதுதான், போன வருடம் ஆகஸ்டில், செங்கல்பட்டு தாண்டி ஒரு ஊருக்கு சித்தி மகள் வளைகாப்புக்குப் போனேன். திரும்பி வரப் பேருந்துக்காக அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். உள்ளிருந்து பச்சையம்மா வந்தார். கையில் கட்டைப்பை. பையில் மாத்திரை டப்பா.

என்னைப் பார்த்ததும் அவர் பதறவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தார்.

“அய்ய, இன்னா கண்ணு அப்டிப் பாக்குற? ஆமா, துன்னுகினுதான் கீறேன். டாக்டராண்ட வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாலேர்ந்தே துன்றேன். தங்கச்சி பேர்ல இங்க எய்தி வெச்சிக்கீறேன்.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வாய் வராது. என்னிடம் பேசுபவர்கள் எல்லோரும் எப்போதும் முழுதாகச் சொல்லிவிடுவார்கள்.

“நம்ம ஊர்ல வாங்குனா மார்க்கெட்ல தெரிஞ்சிடும். அப்பால எவ என் கையால மீனு வாங்குவா? அன்னிக்கு டாக்டரு, மாத்தர எதுனா சாப்டுறியான்னு கேட்டாரு பாரு, பக்கத்துல அந்த நர்சம்மா குந்திகினு இருந்திச்சி. அது என் யாவாரக்காரி ஒருத்தி வூட்டுக்கு எதிர்வூடு. டக்குனு இல்லன்ட்டேன். ஒரு தபா இல்லன்ட்டா அப்பால எப்டி மாத்திப் பேசறது? அதுவுமில்லாம அந்த மன்சன் என் ரத்தத்தப் பாத்துட்டு மூஞ்சி அப்டி மலர்ந்து போறாரு. என் வூட்டுக்காரரு கூட என்னிய ஒருநாளும் அப்டிப் பாத்ததில்ல. நம்மளால ஒரு மன்சன் சந்தோசமா கீறான், இருந்துட்டுப் போட்டும்னு வுட்டுட்டேன். சொல்லிடாத கண்ணு. அவரு மன்சு ஒடஞ்சிடும்.”

பேருந்தில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். அன்றைய தேதிக்கு மொத்த மேற்கோள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனை பேரும் பச்சையம்மா மருந்து சாப்பிடாதவர் என்று எழுதியிருக்கிறார்கள். படித்தவர்கள், பெரியவர்கள், குடும்பம் குட்டி உள்ளவர்கள். பச்சையம்மா ஒருவர் மட்டும் சாப்பிடுகிறார். ஒரு பக்கம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர், இன்னொரு பக்கம் ஒருவர். யார் திருந்த வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை.

ஆனாலும் நான் எதுவும் செய்திருக்கமாட்டேன். செப்டம்பரில் அந்தக் கடிதம் வந்தது. வெளிநாட்டுக் குழு ஒன்று பிப்ரவரியில் வருகிறது. உலகம் முழுக்க இப்படிப்பட்ட நோயாளிகளை நேரில் பார்த்து ரத்தம் எடுக்கிறார்கள். ரத்தத்தில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். டாக்டர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். “தாராளமா பாக்கட்டும். நமக்கு மறைக்க என்ன இருக்கு?” என்றார். பச்சையம்மாவின் ரத்தத்தில் அது இருக்கும் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அப்போது ஒன்று தோன்றியது. டாக்டர் தவறு செய்து நான் பார்த்ததில்லை. பச்சையம்மாவின் ரத்தம் தானாகவே கிருமியை அடக்கும் என்று அவர் எழுதினால் அது அடக்கும். பச்சையம்மாதான் பதினேழு வருடமாகத் தேவையில்லாமல் மாத்திரை சாப்பிட்டு, தன் ரத்தத்துக்கு ஒரு வாய்ப்பே கொடுக்காமல் இருந்துவிட்டார். மாத்திரையை நிறுத்தினால் கட்டுரை உண்மையாகிவிடும். கட்டுரையைத் திருத்துவதைவிட இது எளிது. யாருக்கும் மனம் நோகாது.

அக்டோபரில் பச்சையம்மாவின் கடைக்குப் போனேன். மூட்டுவலியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், நான் வாங்கி வருகிறேன் என்று ஒரு தாளில் எழுதி, அவருக்குப் படிக்கத் தெரியாததால் பக்கத்தில் கருவாடு விற்கும் ஜீனத் அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சைகை காட்டினேன். மாத்திரை என்று எழுதவில்லை, “அந்தச் சாமான்” என்று எழுதினேன். ஜீனத் அக்கா சத்தமாகப் படித்துவிட்டு, “இன்னாடி பச்ச, வாய் பேசாத பொண்ண கூட்டாளி சேத்துகினு இன்னா சாமான் கடத்துற?” என்றார். பச்சையம்மா கண் கலங்கிவிட்டார். “என் வயித்துல பொறக்காத பொண்ணுடி இது” என்றார். கைரேகை வைத்த கடிதமும் சிகிச்சைப் புத்தகமும் கொடுத்தார். ஒரு கூறு சங்கரா மீனும் கொடுத்தார். எனக்குச் சங்கரா பிடிக்காது. சொல்ல வாய் வரவில்லை. மொத்தம் பதினான்கு மாதம், பதினான்கு முறை சங்கரா வாங்கியிருக்கிறேன்.

மாதாமாதம் மாத்திரையை வாங்கி வந்தேன். டப்பாவில் இருந்ததை வெளியே எடுத்துவிட்டு, அதே நிறத்தில் அதே அளவில் கால்சியம் மாத்திரை முப்பது போட்டுக் கொடுத்தேன். கால்சியத்தை நான் யோசிக்காமல் தேர்ந்தெடுக்கவில்லை. மூட்டுவலிக்கு நல்லது. எடுத்த மாத்திரைகளை வீணாக்கவும் இல்லை. மாத்திரையை வீணாக்குவது பாவம். மையத்தின் இரும்பு அலமாரியில், மூன்றாவது தட்டில், தேதி ஒட்டித் தனித்தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். நீங்கள் எண்ணிப் பார்த்திருப்பீர்கள், ஒன்றும் குறையாது.

ஜனவரியில் எங்கள் வழக்கமான சோதனை. பதினைந்து வருடம் தரையில் ஓடிய கோடு எழுந்து நின்றது. ஒரு மில்லியில் அறுபத்தோராயிரம். டாக்டர் கருவி பழுது என்று ஆளைக் கூப்பிட்டார். நான் பதறவில்லை. பதினேழு வருடம் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தவரை எழுப்பிவிட்டால் முதலில் தள்ளாடத்தான் செய்வார். ரத்தமும் அப்படித்தான். பழக வேண்டும். பிப்ரவரியில் வெளிநாட்டுக் குழு எடுத்த ரத்தத்தில் எண்பத்து நாலாயிரம். மருந்தின் தடயம் கொஞ்சமும் இல்லை. பார்த்தீர்களா, கட்டுரையில் இருந்ததுபோலவே அவர் மருந்து சாப்பிடாதவர்தான். பாதி நிரூபணமாகிவிட்டது.

டாக்டர் அன்றே மருந்து எழுதினார். இந்தமுறை கெஞ்சவில்லை, அதட்டினார். “இன்னைக்கே ஆரம்பிக்கணும். செல்வி, நீயே வாங்கிக் கொடுத்து, சாப்பிடுதாங்களான்னு பாத்துக்கோ.” பச்சையம்மா பேந்தப் பேந்த விழித்தார். வெளியே வந்ததும் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான்தான் ஒருநாள் கூட வுடாம துன்னுகினு கீறனே கண்ணு. அப்பால எப்டி ஏறுச்சி?”

நான் தலையை ஆட்டினேன்.

“எனக்குத் தெரியும். அந்த நல்ல மன்சனாண்ட இத்தினி வருசம் பொய் சொன்னேன்ல, அத்தான் மாத்தர கேக்க மாட்டேங்குது. இப்பவே மேல போயி உண்மைய சொல்லிட்டு வந்துடறேன். திட்டுனா திட்டட்டும்.”

அவர் இரண்டு படி ஏறிவிட்டார். அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்றுதான் நீங்கள் நேற்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நான் பேசினேன் மேடம். என் வாழ்க்கையில் தடங்கலில்லாமல் முழுதாகப் பேசிய ஒரு வாக்கியம் அது. “வேணாம்க்கா, அவர் மனசு உடைஞ்சிடும்” என்றேன். அவர் சொன்ன வார்த்தைதான். பச்சையம்மா அப்படியே நின்றார். நான் பேசியதையே முதல்முறை கேட்கிறார். அதனால் அது ரொம்பப் பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். இறங்கி வந்துவிட்டார்.

அதன்பிறகு டாக்டர் எழுதிய மருந்தையும் நானே வாங்கினேன், அதையும் அலமாரியில் வைத்தேன். நான்காவது தட்டு. நிறுத்தியிருக்கலாமே, குழுதான் போய்விட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் மருந்து உள்ளே போனால் கிருமி மறைந்துவிடும், கோடு பழையபடி தரைக்கு வந்துவிடும். அப்போது யாராவது புத்திசாலி, இந்தக் கோடு ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் தரைக்கு வந்ததோ என்று கேட்டுவிடலாம். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

இதற்கிடையில் குழுவினர் எழுதச் சொல்லி, டாக்டர் புதிய கட்டுரை எழுதினார். இயற்கையான கட்டுப்பாடு ஒருவருக்குத் திடீரென்று எப்படிக் கைவிட்டுப் போகிறது என்பதைப் பற்றி. வந்த வேகத்தில் நாற்பது மேற்கோள். அதன் கடைசியில் நன்றி கூறும் இடத்தில் என் பெயரைப் போடச் சொல்லியிருந்தார். அச்சில் ‘ராமலெட்சுமி’ என்று வந்திருந்தது. டாக்டர் சங்கடப்பட்டார். எனக்கு வருத்தமில்லை. எழுதி வைத்ததை மதிப்பவள் என்று சொன்னேன் அல்லவா. கொஞ்ச நாள் ராமலெட்சுமியாகவே இருந்து பார்த்தேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பச்சையம்மா மெலிந்தார். செப்டம்பரில் இருமல். அக்டோபரில் கூடையைத் தூக்க முடியவில்லை, ஜீனத் அக்கா தூக்கி வைப்பார். “இன்னாடி இப்டி நெத்திலியாட்டம் ஆயிட்ட, காத்தடிச்சா ஏலத்துல சேத்து அள்ளிடுவானுங்க” என்று அவர் கேலி செய்வார், பிறகு அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று டாக்டர் என்னைக் கேட்பார். தலையாட்டுவேன். அது பொய் இல்லை. ஒருநாள் தவறாமல் சாப்பிட்டார். நவம்பரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளைவரை காசநோய் என்றார்கள். நான் தினமும் போனேன். ஒருநாள் நினைவு தெளிந்திருந்தபோது, “டாக்டரு எய்துற பொஸ்தகத்துல என் பேரு வருமா கண்ணு?” என்று கேட்டார். பதினேழு என்று என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். “அது போதும்” என்றார்.

டிசம்பர் இரண்டாம் தேதி காலையில் இறந்தார். அன்று திங்கட்கிழமை. தகவல் வருவதற்கு முன்பே நான் தேரடியில் மைசூர்பாகு வாங்கிவிட்டேன். நெய் போட்டது, வைத்திருந்தால் கெட்டுவிடும். ஆகவே கொடுத்தேன். டாக்டர் அன்று எடுத்துக்கொள்ளவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாம் நாள் ஜீனத் அக்கா மாடியேறி வந்தார். கையில் பச்சையம்மாவின் டப்பா.

“டாக்டரே, பச்ச வூட்ட பெருக்க சொல்ல இது கெடச்சிது. நீங்க இன்னாத்துக்கு வைத்தியம் பாத்தீங்க அவளுக்கு? இது சுண்ணாம்புச் சத்து மாத்தர. என் பொண்ணு மாசமா இருக்க சொல்ல ஒம்போது மாசம் நானே எடுத்துக் குடுத்துக்கீறேன், எனக்குத் தெரியாதா?”

டாக்டர் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை. அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான். அலமாரியைத் திறந்து காட்டினேன். மூன்றாவது தட்டு, நான்காவது தட்டு. தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன. வளைகாப்பு நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை ஜீனத் அக்கா கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

“எதுக்கு செல்வி?” என்றார் டாக்டர்.

நான் கணினியைத் திருப்பி எண்ணைக் காட்டினேன். சுவரில் இருந்த குண்டூசிகளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது என்னது?” என்றார்.

மேற்கோள் எண்ணிக்கை என்று எழுதினேன். திங்கட்கிழமை, மைசூர்பாகு என்றும் எழுதினேன்.

“நீ ஏதோ சாமிக்கு நேர்ச்சை வச்சிருக்கன்னுலா நெனச்சேன்” என்றார். “அந்தப் படத்த, உங்க சொந்தக்காரங்க வெளிநாட்டுல எங்கெங்க இருக்காங்கன்னு குத்தி வச்சிருக்கன்னு நெனச்சேன். இத நான் ஒருநாளும் பாத்ததில்லையே பிள்ள. எப்படிப் பாக்கணும்னே எனக்குத் தெரியாதே.”

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நோயாளி பதினேழு ஆரம்பம் முதலே சிகிச்சையில் இருந்திருக்கிறார். எங்கள் முடிவு தவறு. மூன்று கட்டுரைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். ஆறே வரி. கண்ணாடியைத் தேடிய நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அனுப்பிவிட்டு, “இவ்வளவுதானே செல்வி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேனே. அந்தப் பொம்பள இன்னைக்குச் சாயங்காலம் மீன் வித்துட்டு இருந்திருப்பா” என்றார். அடுத்து உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் போன் செய்தார்.

அவர் அப்படிச் சொன்னதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிர்ச்சியில் மனிதர்கள் மனதில் இல்லாததைச் சொல்வார்கள். எண்ணிக்கையைப் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னது அடக்கம். பெரிய மனிதர்கள் அப்படித்தான். பதினோரு வருடம் ‘நல்லாருக்கு’ என்று சொன்ன வாயை எனக்குத் தெரியும்.

ஆக, பச்சையம்மாவின் மருந்தை மாற்றியது நான். பதினான்கு மாதம் மாற்றினேன். அதனால் இறந்தார். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. மேலே எழுதியது எல்லாம் என் சுயநினைவோடு எழுதியது. நாற்பது பக்க நோட்டில் பதினாறு பக்கம் மிச்சம் இருக்கிறது.

ஒரு சின்ன உதவி. நேற்று மாலை காவலுக்கு இருந்த அக்கா தன் போனைக் கொஞ்சம் கொடுத்தார். திரும்பப் பெற்ற கட்டுரை என்று முதல் பக்கத்திலேயே சிவப்பில் போட்டுவிட்டார்கள். ஆனால் எப்படித் தவறு நடந்தது என்று அலசுவதற்காக இப்போது நிறையப் பேர் அதைக் குறித்து எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்குள் பத்தொன்பது கூடியிருக்கிறது. நாளை திங்கட்கிழமை. டாக்டரிடம் யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள் மேடம், அவர் காத்துக்கொண்டிருப்பார்.